உள்ளிருந்து திறக்கும் கதவு

எவரும் இன்னும் திறந்தே பாராத கணக்குகளின் கடவுச்சொற்கள் மாறியிருந்தன.

ஆலையின் கணினி வேலைக்குத் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த மௌனிகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சோமனூரை அடுத்த அந்த நூற்பாலையின் விடுதிப் பெண்கள் அனைவருக்கும் மின்னஞ்சல் கணக்குகளை அவள் அப்போதுதான் ஒரே மூச்சில் உருவாக்கி முடித்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆதலால் இயந்திரங்கள் ஓய்ந்திருக்க, சர்வர் பெட்டியின் விசிறி மட்டும் யாரோ அடக்கி அடக்கி மூச்சு விடுவதைப் போல அறைக்குள் இரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் வெளிநாட்டு வணிகர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். தீப்பயிற்சி பெற்றதாகவும், விடுதிக் கதவு உள்ளிருந்து திறக்கும் என்பதை அறிந்திருப்பதாகவும் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் பழைய தேதியில் ஒரு மடல் போக வேண்டும். தை மாதம் விடுதியில் பற்றிய தீயில் கருகிப்போனவர்களின் பெயரிலும்தான். அன்று கதவு வெளியே பூட்டியிருந்தது.

"செத்தவங்களுக்குமாங்க சார்?" என்று காலையில் கேட்டிருந்தாள்.

"அவங்களுக்குத்தானுங்க அம்மணி முக்கியமா வேணும்," என்றார் மேலாளர் அரங்கசாமி, மிகுந்த பணிவோடு. "உங்களைப் பர்மனென்ட் பண்ணற பேப்பர் என்ற மேசைலதான் இருக்குதுங்க."

அவள் பெயர்ப்பட்டியலை வாங்கிக்கொண்டாள். மதியம் ஒரு கல்யாண விருந்துக்குப் புறப்படும்போது, அவள் இருந்த அறையின் கதவை அவர் இழுத்துச் சாத்தினார். "பொம்பளப் புள்ள தனியா இருக்கீங்க. வெளிய பூட்டிக்கறனுங்க. பொழுதோட வந்து தொறந்துடறேன்."

"சரிங்க சார்," என்றாள். வெளியே பூட்டுவதற்கு அந்த ஆலையில் அக்கறை என்று பெயர்.

தீயில் இறந்தவர்களில் ஒருத்தியான மயிலாத்தாளின் கணக்கைத் திறந்து பழைய கடவுச்சொல்லையே மறுபடி இட்டாள். கண்ணெதிரே அது மாறிற்று. மீண்டும் இட்டாள். மீண்டும் மாறிற்று. அரங்கசாமியை அழைத்தாள். பந்திச் சத்தத்தினூடே அவர் சிரித்தார்.

"கம்ப்யூட்டருக்கும் காத்துக்கருப்பு புடிச்சுக்குமுங்களா? செத்தவளுக்கு பாஸ்வேர்டு என்னத்துக்குங்க. வேலைய முடிச்சுபோட்டுக் கூப்பிடுங்க."

பேச்சு துண்டிக்கப்பட்ட அதே நொடியில் ஒரு மடல் வந்தது. அனுப்பியவள் மயிலாத்தாள். கைப்பேசியைச் சரிசெய்து தரச் சொல்லி, முந்தானையில் கடலைமிட்டாய் முடிந்துகொண்டு வந்து, உள்ளே வரலாமா என்று வாசலிலேயே நின்று கேட்பவள்.

'அக்கா, கதவு தொறக்க மாட்டேங்குதுங்க.'

அடுத்து இன்னொருத்தி. இன்னொருத்தி. பெயர்கள் வேறு, வரி ஒன்றே. திரை நிரம்பி வழிந்தது. பஞ்சு கருகும் நெடி முதலில் நாவில் கசந்தது, பிறகே மூக்கில் ஏறிற்று. எழுந்தாள். கதவை இழுத்தாள். அசையவில்லை. கைப்பிடி சுட்டது. தட்டினாள். மறுபுறமிருந்தும் தட்டினார்கள். பல கைகள். மெதுவாக. மரியாதையாக.

"சார்..." மறுபடி அழைத்த கைப்பேசியில் மணி மட்டும் அடித்தது.

திரும்பினாள். திரையில், அவளுடைய கணக்கிலிருந்தே ஒரு மடல் போயிருந்தது. அவள் எழுதாதது. இன்றைய தேதி.

'நான் தீப்பயிற்சி பெற்றுள்ளேன். கதவு உள்ளிருந்து திறக்கும் என்பதை அறிவேன். இப்படிக்கு, மௌனிகா.'

கதவின் அடியில், சிக்கெடுத்த பஞ்சைப் போல வெண்புகை இழை இழையாக நுழைந்து, அவள் காலடியில் வந்து சுருண்டது.