தொட்ட இடம்

கேட்டின் தாழ்ப்பாள் அன்றும் ஈரமாக இருந்தது. மழை இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் வெண்ணிலா அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகுதான், தான் தொட்டுவிட்டுப் போன தாழ்ப்பாளும் குழாயும் படிக்கட்டுக் கைப்பிடியும், வேலைவிட்டு ரயிலிறங்கித் திரும்பி வரும்போதெல்லாம் பினாயில் வாடையோடு பிசுபிசுத்துக் கிடப்பதைக் கவனித்தாள்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா பாக்கியவதிக்குச் சிரித்த முகம். முதல் நாளே கேட்டாள்.

"சொந்த ஊடு எங்கம்மா?"

"மைசூர் மைன்ஸ், அக்கா."

"மைன்ஸ்ல எந்த லைன்?"

தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எந்த வரிசை என்று சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். வெண்ணிலா சொன்னாள். சிரிப்பு மாறவில்லை.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்லம்மா. நீ என் தங்கச்சி மாதிரி." சாவியைக் கையில் தராமல் படியில் வைத்தாள்.

ஞாயிறு மதியம் பாக்கியவதியின் மூன்று வயது மகள் சஹானா வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். வெண்ணிலா ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. திருஷ்டிப் பொட்டு வைத்த கன்னத்தில் வழிந்த எச்சிலை வெறும் கையால் துடைத்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது எதிரே பாக்கியவதி. இவ்வளவு அருகில் அவள் கைகளை வெண்ணிலா பார்த்ததில்லை. விரல் நுனிகளில் தோல் இல்லை. கழுவிக் கழுவி ஊறிய சதை, ஓரங்களில் நார்நாராக உரிந்திருந்தது.

"கீழ உட்டுடும்மா, நான் தூக்கிக்கறேன்."

இறக்கிவிட்ட பிறகே பாக்கியவதி குழந்தையை எடுத்தாள். அதுவும் ஒரு பழந்துணியால் சுற்றி.

வெண்ணிலா மாடிக்கு வந்து கதவைச் சாத்தினாள். கீழே குளியலறையில் தண்ணீர் விழுந்தது. பிறகு தேங்காய் நார் தேய்க்கும் சத்தம், பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டுவது போல. பினாயில் வாடை ஜன்னலில் ஏறி வந்தது. குழந்தை அழுதது. கத்தியது.

பிறகு கத்தவில்லை.

தேய்க்கும் சத்தம் மட்டும்.

வெண்ணிலா இறங்கி ஓடினாள். திறந்திருந்த வாசல் வழியே உள்ளே போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, தொறங்க. பாப்பாவ உட்டுடுங்க அக்கா."

"தோ, ஆயிடுச்சிம்மா." இதமான குரல். "உம்மேல ஒண்ணும் கோவமில்ல. இன்னும் கொஞ்சம்தான்."

கதவுக்கடியில் நுரை வந்தது. வெள்ளை நுரை. பிறகு இளஞ்சிவப்பு.

அதில் ஏதோ மிதந்து வந்து அவள் கால்விரலில் ஒட்டியது. மெல்லியது. வெதுவெதுப்பானது. உள்ளங்கை அளவுகூட இல்லை.

அதன் நடுவில், அழியாத ஒரு கறுப்புத் திருஷ்டிப் பொட்டு.