தாஹர் யாரைப் பார்க்கிறான்

நேற்றுவரை படத்தில் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் தாஹர், இன்று நிமிர்ந்திருந்தான். சுவரில் ஒட்டியிருந்த புகைப்படத்தின் முன்னால் ஈரக் கையோடு நின்ற மனூபியாவுக்கு, கணவனின் அந்தப் பார்வையைக் கண்டதும் வயிறு எரிந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

அதை எடுத்தவள் ரீம். துனிஸ் நகரத்திலிருந்து வந்து, கெர்கென்னா தீவில் மாதக்கணக்கில் தங்கி, ஈச்ச மட்டைகளைக் கடலில் வேலியாக நடுவது, எட்டுக்கால் பேய்க்கணவாயைப் பாறையில் அடித்து மிருதுவாக்குவது, வாசலில் ரொட்டி சுடுவது என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்தவள். “கொஞ்சம் இப்படித் திரும்புங்கண்ணே” என்று அவள் குழைந்ததும், இந்த மனுஷன் பூம்பூம் மாடு மாதிரி திரும்பியதும் மனூபியாவுக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு இந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு, போன வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டாள் மகராசி.

அன்றிலிருந்து தாஹரும் சரியில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். கடலுக்குப் போய் வந்தவன் மேல் உப்பு வாடை இல்லை. நனைந்த காகித வாடைதான் அடித்தது.

“ஏங்க, உங்களத்தான். என் மூஞ்சியப் பாத்தா கொறஞ்சா போயிருவீங்க?”

கரண்டி மட்டும் கிண்ணத்தில் உரசியது.

நாத்தனார் சலூஹா படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தாள். “அடேங்கப்பா, அண்ணன் என்னமா உருகுறாரு! உங்கள என்னிக்காவது இப்படிப் பாத்திருக்காரா அண்ணி?”

“வாயக் கழுவுடி.”

மறுநாள் படத்தில் அவன் எழுந்து நின்றான். அதற்கும் மறுநாள் வலையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்திருந்தான், வாய் திறந்து, கை நீட்டி. யாரை நோக்கி? காமிராவுக்குப் பின்னால் நின்றவளை நோக்கித்தான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு முழுப் பார்வை கிடையாது, வந்து போனவளுக்கு இந்தத் தவிப்பா!

வெயில் சாயும் நேரத்தில் படத்தைப் பிய்த்து எடுத்துச் சுருட்டினாள். பொந்தென்று நம்பிப் பேய்க்கணவாய் புகுந்துகொள்ளும் மண்பானைகள் முற்றத்தில் அடுக்கியிருந்தன. ஒன்றில் படத்தைத் திணித்து வாயைத் துணியால் அடைத்தாள். தொலையட்டும் என்று நினைப்பதைப் பானையில் போட்டுக் கடலில் விட்டுவிடுவது அந்தத் தீவுப் பெண்களின் வழக்கம். எதிலும் கட்டாமல் தனியாக விட வேண்டும், அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனாள். வாய் ரீமைத் திட்டிக்கொண்டிருந்தது. சிறுவயதிலிருந்து பானை கட்டிப் பழகிய கை, தன்போக்கில், பானைக் கழுத்தைத் தாஹர் கடலில் போட்டிருந்த நீள்கயிற்றில் மற்றப் பானைகளோடு சேர்த்து முடிந்துவிட்டது.

அடுத்த மாலை தாஹர் கயிற்றை இழுத்து, பானைகளை முற்றத்தில் இறக்கிவிட்டு உள்ளே போனான். துணி அடைத்த பானையைக் கண்டதும்தான் மனூபியாவுக்குத் தன் கை செய்த காரியம் உறைத்தது.

துணியை உருவினாள். படத்தை விரித்தாள்.

படத்துக்குள் கடல் ஏறியிருந்தது. தாஹரின் கழுத்துவரை. முகம் காகிதத்தை ஒட்டி வந்திருந்தது. உள்ளங்கைகள் காகிதத்தில் அழுந்தியிருந்தன.

அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். கண்கள் கூடவே வந்தன. வலப்பக்கம். வந்தன.

உதடுகள் அசைந்தன. ம... னூ... பி...

ரீமை இல்லை. ஐயோ, என்னையா? இத்தனை நாளும் என்னையா கூப்பிட்டாய்?

நகத்தால் சுரண்டினாள். காகிதம் கிழியவில்லை. தண்ணீர் அவன் மோவாய்க்கு ஏறியது. உதட்டுக்கு.

“மனூபியா.”

வீட்டுக்குள்ளிருந்து. அதே குரல். ஒரு வாரத்தில் முதல் பேச்சு.

“இங்க பாரு, மனூபியா. உன்னத்தான் பாக்குறேன்.”

ஈரக் காகித வாடை. மிக அருகில்.

படத்தில் தாஹரின் மூக்குவரை தண்ணீர். விரியத் திறந்திருந்த கண்கள் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தன.