கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

நாலரை மணிச் சங்கு ஓய்ந்த பிறகும் அறைக்குள் ஒரு சத்தம் ஓயவில்லை.

சுவக்கீன் சன்னலைச் சாத்தினான். தேவிகுளத்து மலையிலிருந்து இறங்கிய மூடுபனி தோட்டத் தொழிலாளர் லயத்து முற்றத்தை விழுங்கி, எதிர்வரிசை வீடுகளின் தகரக் கூரைகளை விழுங்கி, சன்னல் கம்பி வரை வந்து நின்றிருந்தது. ஃபேக்டரியில் தேயிலை வாடும் வாசனையும், ஈர விறகுப் புகையும், சூடேறிய கண்ணாடி வால்வுகளில் தூசி கருகும் வாசனையும் அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. சத்தம் மேசை மேலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வந்தது. வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரே சுரத்தில் முனகுவது போல.

பெட்டியிலிருந்து நீண்ட வயரின் மறுமுனையில், பெஞ்சின் மேல், கிட்டார் கிடந்தது. ஒட்டுப்பலகையில் செய்து சிவப்புச் சாயம் அடித்த மலிவுக் கிட்டார். தம்பி சிலுவைராஜ் கோயமுத்தூரில் வாங்கி வந்தது. அவன் செத்து நாளையோடு ஒரு வருடம்.

சுவக்கீன் எஸ்டேட் ஃபேக்டரியில் கரண்டு வேலை பார்ப்பவன். இரைச்சலுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. எந்த இரைச்சலும் ஏதோ ஒரு வழியாக உள்ளே வருகிறது. வழியைக் கண்டுபிடித்து அடைத்தால் தீர்ந்தது. சத்தம் கூட்டும் குமிழைத் திருகினான், கரகரத்தது. தூசி. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டான். வயர் செருகும் இடத்தை ஆட்டினான். டப் டப் என்றது. ஈயம் பற்றவைத்தான். கரகரப்பு போயிற்று, டப் டப் போயிற்று. முனகல் போகவில்லை.

உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்தான்.

நின்றது.

எடுத்தான். வந்தது. வைத்தான். நின்றது.

வீட்டுக்குள் ஓடும் கரண்டின் இரைச்சலைக் கிட்டார் வாங்கிக்கொள்கிறது. கம்பியில் மனிதக் கை பட்டால் அடங்குகிறது. மலிவுக் கிட்டாரில் இது உள்ளதுதான். ஆள் தொட்டிருக்கும்வரை அமைதி.

கதவைத் தள்ளிக்கொண்டு கத்தரீனாள் வந்தாள். சிலுவைராஜின் மனைவி. கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"முடிஞ்சுதா அத்தான்?"

"எங்க முடிய."

"ஃபேக்டரியில அம்புட்டுப் பெரிய மிசினையெல்லாம் ஓட்டுறீக. இந்தக் கட்டைகிட்டத் தோத்துப் போனீகளாக்கும்?" சிரித்தாள். ஒரு வருடத்தில் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறான். "அத்தான் கை வச்சா செத்த ரேடியோவும் பேசும்னு அவுக எத்தன தடவ சொல்லியிருக்காக."

அவன் திருப்புளியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குப் பூசையில யாரு வாசிக்கா?"

"நான்தான். கிட்டார்ல மூணு விரல்பிடி சொல்லிக் குடுத்துட்டுத்தான போயிருக்காக. பாட்டும் நான்தான்."

"மைக்கு எதுக்கு? சும்மா பாடு."

"கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்க வேண்டாமா? அவுக பாடாம விட்ட பாட்டு. மைக்குல வாய வச்சுத்தான் பாடுவேன். போன வருசம் மாதிரி எரைச்சல் மட்டும் வரப்படாது."

போன வருடம் மாதா கோயிலில் இரைச்சல் வந்தபோது பூசைக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது. வழி தேட நேரமில்லை. சுவக்கீன் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த்து வயரை வெட்டி, வெட்டிய முனையில் கறுப்பு டேப் சுற்றினான். இரைச்சல் சட்டென்று நின்றது. தம்பி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே, எர்த்து குடுத்தாச்சா என்று கேட்டான். குடுத்தாச்சு, நீ பாடு என்றான் இவன். சிலுவைராஜ் இடது கையால் கம்பிகளை அழுத்திப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைத்தான். விழுந்த பிறகும் அந்தக் கை கம்பிகளை விடவில்லை.

டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் நெஞ்சடைப்பு என்றார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று மத்தியானம் சுவக்கீன் பின்பலகையைக் கழற்றினான். வெட்டிய வயரைச் சேர்த்து முறுக்கிப் பற்றவைத்தான். பழைய டேப்பை அடுப்பில் போட்டான். இனி அந்த வயரை யாரும் வெட்டக் கூடாது. அப்படியென்றால் நாளைக்குள் இரைச்சலை வேறு வழியில் அடக்கியாக வேண்டும். கம்பியில் கை வைத்து மைக்கில் உதடு வைக்கப்போவது கத்தரீனாள்.

கிட்டாரின் முகத்தகட்டைக் கழற்றினான். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளை ஃபேக்டரியிலிருந்து எடுத்து வந்திருந்தான். குழி முழுக்க அதை ஒட்டி, ஓரங்களை நகத்தால் நீவினான். முனகல் பாதியாகக் குறைந்தது. ஆனால் கிட்டாரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போனதும் கீச்சென்று ஒரு ஊளை எழுந்தது. கத்தரீனாள் காதைப் பொத்தினாள்.

அவன் கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் செப்புச் சுருளின் மேல் குனிந்தான். "ஒண்ணு. ரெண்டு."

"ஒண்ணு. ரெண்டு," என்றது பெட்டி.

"யம்மா! இதுக்குக் காது இருக்கா?"

"காதேதான். சுருளைத் தளதளன்னு சுத்தி வச்சிருக்கான். பேசினா அதிருது. மெழுகு ஊத்தி அடைக்கணும். மெழுகுதிரி இருக்கா?"

அவள் தன் வீட்டுக்குப் போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்தாள். உள்ளே திரித் துண்டுகள். அடியில் செம்மண் ஒட்டியிருந்தது.

"இது எங்க எடுத்தது?"

"கல்லறைத் திருநாளன்னைக்கு அவுக தலமாட்டுல ஏத்துனது. அங்கேயே விட்டுட்டு வரணும்னு தெரியும் அத்தான். மனசு கேக்கல."

கல்லறையில் எரிந்த மெழுகை லயத்தில் ஒருவரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். கடைக்கு மூன்று மைல். வெளியே பனி. சுவக்கீன் துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு அடுப்பில் வைத்தான்.

உருகிய மெழுகில் சுருளை இறக்கியதும் குமிழிகள் வந்தன. இடுக்குகளிலிருந்து காற்று வெளியேறுகிறது. சிறிது நேரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கொஞ்சம் வந்தன. நின்றன. மறுபடி கொஞ்சம் வந்தன. மறுபடி நின்றன. தூங்குகிறவன் மூச்சைப் போல. அவன் முழுதாக நிற்கும்வரை காத்திருக்காமல் சுருளை வெளியே எடுத்துவிட்டான்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பல்பைப் போட்டான். பெட்டியைப் போட்டான்.

காதைத் தீட்டினால்தான் கேட்கிற அளவுக்கு ஒரு மெல்லிய முனகல். பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போனான். ஊளை இல்லை. சுருளின் மேல் குனிந்து, "ஒண்ணு, ரெண்டு," என்றான். பெட்டி வாய் திறக்கவில்லை.

"செவிடாயிட்டு பாத்தியா."

"சொன்னேன்ல, அத்தான் கைராசி." அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இருங்க, கட்டன் டீ போட்டுத் தாரேன்." அடுப்படிக்குப் போனாள்.

அவன் கிட்டாரைப் பெஞ்சில் கிடத்தினான். கம்பிகளில் கை வைத்தான். முனகல் நின்றது. எடுத்தான். வந்தது. சரி. நாளை அவளுக்கு ஒன்றும் ஆகாது. சுவரோரமாகப் போய் உள்ளங்கையிலிருந்த மெழுகைச் சுரண்டினான். அது ஆறியிருக்க வேண்டும். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

முனகல் நின்றது.

திரும்பிப் பார்த்தான். பல்பு எரிந்தது. பெட்டிக்குள் வால்வுகள் சிவந்திருந்தன. பிளக் சரி. குமிழ் சரி. வயர் சரி. எல்லாம் சரி.

ஆள் தொட்டிருக்கும்வரை அமைதி.

தான் நிற்கும் இடத்தைப் பார்த்தான். பெஞ்சுக்கும் அவனுக்கும் நடுவே நாலு முழம்.

அருகே போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கிட்டாரின் கழுத்தில் மூன்று கம்பிகள் தாழ்ந்திருந்தன. பலகையோடு ஒட்டியிருந்தன. அழுத்துகிற விரல் இல்லை. தம்பி பிடிக்கும் முதல் பிடி.

பெட்டியில் காற்று உரசியது. யாரோ மூச்சை இழுத்தது போல. பிறகு ஈரமாக ஒரு சின்னச் சத்தம். உதடுகள் பிரிவது.

அடுப்படி வாசலில் கத்தரீனாள் கண்ணாடித் தம்ளரோடு நின்றாள். அவளும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றது பெட்டி. "எர்த்து குடுத்தாச்சா?"

தம்ளர் சாய்ந்தது. கொதிக்கிற கட்டன் அவள் புறங்கையில் வழிந்தது. அவள் கையை உதறவில்லை. மெதுவாகத் திரும்பி சுவக்கீனைப் பார்த்தாள்.

கம்பிகள் இன்னும் அழுந்தியே இருந்தன. காத்திருந்தன.

"அவுக கேக்காகல்ல அத்தான். சொல்லுங்க."