பொன்னி கொடுத்த லேகியம்

காலை ஏழரை மணி. பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடும் முத்துக்குமாரின் வீட்டில், பிள்ளை பெற்றுப் பத்துப் பன்னிரண்டு நாளே ஆன அவன் மனைவி புவனேஸ்வரி மயங்கிக் கிடந்தாள். பக்கத்தில் லேகியக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. இது போதாதா? தங்கையைப் பார்க்க வந்திருந்த ராஜவேலு தீர்ப்பையே சொல்லிவிட்டான்.

“வெஷம் வெச்சுட்டாங்க! போலீஸ கூப்புடு!”

அவன் கை நீட்டியது பொன்னியை. முத்துக்குமாரின் அக்கா. தாயில்லாத புவனாவுக்குப் பத்தியம் சமைத்து, லேகியம் கிளறிக் கொடுத்தவள். பாவம், தொட்டிலில் அழுத குழந்தையை எடுத்து அணைத்துக்கொண்டாள்.

அன்று பார்த்துத் தாயையும் குழந்தையையும் பார்க்க சுகாதார நிலைய நர்ஸ் ஏஞ்சல் வந்தாள். அந்த வீட்டுச் சாக்கடையில் அரக்குச் சிவப்பாய்த் தண்ணீர் தேங்கியிருக்க, புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. ராஜவேலுவின் சத்தம்தான்.

“கத்தாதய்யா! மொதல்ல 108-க்குப் போன் போடு. அப்பறம் யார வேணா தூக்குல போட்டுக்கோ.”

புவனாவின் கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்தாள். கை ஜில்லென்றிருந்தது, நாடி தடதடவென்று ஓடியது. கீழ் இமைக்குள் சிவப்பே இல்லை. கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். புதுத் துணி, ஒரு பொட்டு ரத்தம்தான். அடிவயிற்றைத் தொட்டாள். இத்தனை நாளில் சுருங்கிக் கீழே இறங்கியிருக்க வேண்டிய கர்ப்பப்பை இன்னும் பெரிதாக, கொழகொழவென்று கைக்குத் தட்டியது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தாள்.

“லேகியத்த வேற யாரு சாப்ட்டா?”

“நானும்தாம்மா,” என்றாள் பொன்னி. “ருசி பாக்காம குடுப்பனா?”

“இவ துணிய யாரு தொவைக்கறது?”

“அவளேதாம்மா. நாங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுடுவா. தொட விடமாட்டா.”

“முத்துக்குமாரு, இன்னிக்கு அரக்குச் சாயம் போட்டியா?”

“இன்னிக்கு அமாவாசைம்மா! தறியே ஓடாது, சாயம் யாரு போடுவா? நேத்து போட்டதுகூட கிளிப்பச்ச.”

“அப்போ உன் வீட்டு சாக்கடைல செவப்பா நிக்கறது என்னா?”

முத்துக்குமார் வாசலுக்கு ஓடினான். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை என்று ஓடுகிற சாக்கடை. அதை யார் குனிந்து பார்த்தார்கள்?

“விஷமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல,” என்றாள் ஏஞ்சல். “நச்சுக்கொடில ஒரு துண்டு உள்ளயே தங்கியிருக்கும். அதான் கர்ப்பப்பை சுருங்கல, ரத்தமும் நிக்கல. இவ நனைஞ்ச துணியெல்லாம் விடியறதுக்குள்ள அலசிட்டு, இப்பதான் மறுபடி புதுசு கட்டியிருக்கா. உங்களுக்கு ஒரு பொட்டுதான் தெரிஞ்சுது.”

புவனா கண்ணைத் திறந்தாள். “அண்ணி ராப்பகலா எனக்கே ஒழைக்கறாங்க... இத வேற அவங்க தலைல எதுக்குப் போடணும்னு... கெட்ட ரத்தம்தானேன்னு நெனச்சேன்...”

“ரத்தத்துல ஏதுடி நல்லது கெட்டது? மணிக்கு ஒரு துணி நனைஞ்சா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்!” ஏஞ்சலுக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. பொன்னி ஓவென்று அழுதுவிட்டாள். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

ஏஞ்சல் சொன்னது சரி. ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டை எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் புவனாவின் உதட்டில் நிறம் திரும்பியது. குழந்தையும் பாலுக்கு அழுது ஆஸ்பத்திரியை ரெண்டாக்கியது.

ஏஞ்சல், வீட்டில் மிச்சமிருந்த லேகிய டப்பாவோடு ராஜவேலு முன்னால் வந்து நின்றாள்.

“வெஷம்னியே, தின்னு பாரு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு விரல் வழித்து வாயில் வைத்தான். “மன்னிச்சுடுக்கா,” என்றான் பொன்னியிடம். “நல்லாத்தான் இருக்குது.”

“பிள்ள பெத்தவளுக்கு மீதி வையிப்பா,” என்றாள் பொன்னி. அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் புவனாவே பொன்னியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணி, இப்ப துணில கொஞ்சமாத்தான் படுது. பாக்கறீங்களா?”

“காட்டு,” என்று பொன்னி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.