அரக்குப் புடவையின் வெள்ளை நூல்

வெள்ளை நூல் வந்தது.

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அரக்குப் புடவையின் கரையை இன்னோர் இடத்தில் கட்டை விரல் நகத்தால் கீறினார். அங்கேயும் வெள்ளை. அசல் சரிகை என்றால் கீறிய இடத்தில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். பில் போடுவதற்கு முன்னால், வாங்குகிறவர்கள் கண்ணெதிரிலேயே இப்படிக் கீறிக் காட்டுவது காஞ்சிபுரத்தில் அவர் கடையின் வழக்கம். அந்த நகம் இதுவரை அவரைத் தலைகுனிய வைத்ததில்லை.

"இது என் புடவை இல்ல," என்றார்.

வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால்.

வெள்ளை விரிப்பில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் நிமிர்ந்தார்கள். நடுவில் இருந்தவள் கல்யாணப் பெண் தமயந்தி. ஆற்காட்டில் சப் இன்ஸ்பெக்டர். இன்றைக்கு லீவு போட்டுவிட்டுச் சுடிதாரில் வந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. எதிரில் மாப்பிள்ளையின் அம்மா சகுந்தலா. சகுந்தலாவை ஒட்டி, அவளுடைய அக்கா பங்கஜவல்லி.

"காலையில காட்டினதும் இதானே? அதே அரக்கு, அதே கரை," என்றாள் சகுந்தலா.

"நிறம் அதே, கரையும் அதே. ஆனா இது வேற தறியில நெய்த நகல்மா. இங்க பாருங்க." அவர் கீழ்க்கரையைத் தூக்கிப் பிடித்தார். ஓரம் நெடுக ஊசி போன தடம். "ஃபால்ஸ் தைச்சுப் பிரிச்சிருக்கு. ப்ளவுஸ் துண்டையும் வெட்டியாச்சு. யாரோ கட்டிக் கழிச்ச புடவை. எண்பத்தஞ்சாயிரம் ரூபா சரக்கு போயிடுச்சு."

அவர் பார்வை நேராக விற்பனைப் பெண் சுடர்க்கொடியிடம் போய் நின்றது.

"கண்ணாடி அறையில இருந்து இதை எடுத்துட்டு வந்தது யாரு?"

"நான்தான் சார்."

"நேரா இங்க வந்தியா?"

"பெட்டி எடுக்க குடோனுக்குப் போயிட்டு வந்தேன்."

"தனியா?"

"பெட்டி எடுக்க எதுக்கு சார் ரெண்டு பேரு?"

"வாயைப் பாரு!" பங்கஜவல்லி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இந்தக் காலத்துல நம்மகூடவே சிரிச்சுப் பேசி, நம்ம தலையிலேயே கட்டிடுதுங்க. குடோனைப் பாருங்க, அவ பையைப் பாருங்க."

குடோனில் ஒன்றும் அகப்படவில்லை. ஏகாம்பரம் சுடர்க்கொடியின் தோள்பையைப் பிடுங்கி விரிப்பின் மேல் தலைகீழாகக் கொட்டினார். டிபன் டப்பா உருண்டது. சீப்பு, பஸ் பாஸ், பாதி தின்ற கடலை மிட்டாய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். அது மாதவிலக்கு நாப்கின் என்று பார்த்த மாத்திரத்தில் நான்கு பெண்களுக்கும் புரிந்தது. ஒருத்தியும் குனிந்து அதை மறைக்கவில்லை, தமயந்தி உட்பட. அதற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

சுடர்க்கொடி அழவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"தேடுங்க சார். தேடி முடிச்சப்புறம் நான் பேசுவேன்."

"ஸ்டேஷன்ல பேசு," என்று ஏகாம்பரம் போனை எடுத்தார். "இனிமே எந்தப் பட்டுக்கடையிலயும் உனக்கு வேலை கிடையாது. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அது வெறும் மிரட்டல் அல்ல. அவர் வார்த்தைக்கு அந்தத் தெருவில் அத்தனை மதிப்பு.

"போனை வைங்க," என்றாள் தமயந்தி.

அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். "சும்மா இருடி. வாழப் போற எடம்."

"ஆமாம்மா," என்றாள் பங்கஜவல்லி. "நீ இங்க எஸ்.ஐ. இல்ல. கல்யாணப் பொண்ணு. தலையைக் குனிஞ்சு புடவையைப் பார்த்தா போதும்."

காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டது கருநீலம், சிவப்புக் கரை. "முகூர்த்தத்துக்குக் கருநீலமா? அதை ஸ்டேஷன் திறப்பு விழாவுக்குக் கட்டிக்கோ," என்று பங்கஜவல்லி கடையே சிரிக்கும்படி சொன்னாள். போன வாரமே தங்கையோடு வந்து அரக்கைப் பார்த்து வைத்துவிட்டாளாம். "பாரு, இன்னிக்கு நானும் அரக்குதான் கட்டிட்டு வந்திருக்கேன். ராசியான நிறம்." அம்மாவின் விரல் தொடையில் பதிந்ததும் தமயந்தி 'சரி' என்றாள்.

"தலை குனிஞ்சுதான் பெரியத்தை எல்லாத்தையும் பார்த்தேன்," என்று எழுந்தாள். "ஏகாம்பரம் சார், பத்தே நிமிஷம். அதுக்கப்புறம் எந்த ஸ்டேஷனுக்கு வேணா போன் பண்ணுங்க."

அவர் சகுந்தலாவைப் பார்த்தார். போன் மேஜைக்குத் திரும்பியது.

"சுடர்க்கொடி. காலையில நீ புடவையைப் பிரிச்சுக் காட்டினப்போ ப்ளவுஸ் துண்டு இருந்துதா?"

"இருந்துது மேடம். தனியா எடுத்துக் காட்டினேனே."

"அப்புறம் கண்ணாடி அறைக்கு யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"அந்த அம்மாதான்." பங்கஜவல்லியைக் காட்டினாள்.

"நான்தான் போனேன், அதுல என்ன ரகசியம்?" என்றாள் பங்கஜவல்லி. "முகூர்த்தப் புடவையைப் பொண்ணு முன்கூட்டி உடுத்தக் கூடாது. சுமங்கலி யாராச்சும் கட்டிக் காட்டணும்னு கட்டினேன். எல்லாரும்தானே பார்த்தீங்க?"

பார்த்தார்கள். திரையை விலக்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். "ப்ளவுஸ் துண்டையும் சேர்த்துச் சொருகினா இடுப்பு பானை மாதிரி ஆயிடுது" என்று அவளே சிரித்தாள். பிறகு மாற்றிக்கொண்டு வருவதாக உள்ளே போனாள்.

"மாத்தினப்புறம் புடவையை மடிச்சது யாரு?"

"நான்தான்," என்று அவளே முந்திக்கொண்டாள். "இந்தப் பொண்ணு மடிக்க வந்தா. வயசுப் பொண்ணு, காலையில இருந்து நிக்குதேன்னு நானே மடிச்சுக் கையில குடுத்தேன். அதுக்கப்புறம் குடோன்ல என்ன பண்ணினாளோ, யாருக்குத் தெரியும்?"

"ஆக, புடவை ரெண்டு பேர் கையில தனியா இருந்திருக்கு," என்றாள் தமயந்தி. "கண்ணாடி அறையில உங்க கையில. குடோன்ல இவ கையில."

"என்னையும் திருடிங்கறியா?" பங்கஜவல்லி தன் கைப்பையைத் தங்கையின் மடியில் போட்டாள். "பாரு, நல்லா பாரு. இதுக்குள்ள ஒரு பட்டுப்புடவையை ஒளிக்க முடியுமா?"

முடியாதுதான். மருந்து மாத்திரையும் ஒரு கைக்குட்டையும்தான் இருந்தன.

தமயந்தி கண்ணாடி அறைக்குள் போனாள். ஓர் ஆள் நிற்கும் இடம். ஆளுயரக் கண்ணாடி, கீழே மகாலட்சுமி படம், ஒரு விளக்கு, குங்குமச் சிமிழ், பித்தளைக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். மஞ்சளின் மேல் ஒரு விரல் வழித்தெடுத்த பள்ளம். கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

"இது எதுக்கு?"

"முகூர்த்தப் புடவை எடுக்கறவங்க முனையில மஞ்சள் வெச்சுத்தானே வாங்கிட்டுப் போவாங்க," என்றாள் சுடர்க்கொடி. "தினமும் கடை திறந்ததும் நான் புதுசா குழைச்சு வைப்பேன்."

"இன்னிக்கு எத்தனை பேர் எடுத்தாங்க?"

"இன்னும் போணியே ஆகலைம்மா," என்றார் ஏகாம்பரம் எரிச்சலாக. "நீங்கதான் முதல்."

"நாங்க இன்னும் மஞ்சள் வைக்கலையே."

தமயந்தி கிண்ணத்தை விரிப்பில் வைத்தாள்.

"பெரியத்தை, வலது கையைக் காட்டுங்க."

பங்கஜவல்லி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் சகுந்தலா பார்த்துவிட்டாள். மோதிர விரல் நுனி மஞ்சள்.

"வெள்ளிக்கிழமை! தாலிக்கு மஞ்சள் வைக்க மாட்டாங்களா ஒரு பொம்பளை? இதெல்லாம் ஒரு துப்பா?"

"வைப்பாங்க. உங்க தாலிச் சரடு வெளியதான் கிடக்கு. அதுல மஞ்சள் இல்ல. முகத்துல இல்ல, கழுத்துல இல்ல. விரல்ல எடுத்த மஞ்சள் எங்கயோ போயிருக்கணும் இல்லையா?"

"என்ன சொல்ல வர்றீங்க?" ஏகாம்பரம் முன்னால் குனிந்தார்.

"புடவை எங்கயும் போகல சார். இந்த விரிப்புலதான் உட்கார்ந்திருக்கு. கட்டிக்கிட்டே உட்கார்ந்திருக்கு." தமயந்தியின் குரல் உயரவில்லை. "போன வாரம் பார்த்துட்டுப் போய், அதே நிறத்துல அதே கரையில தன்கிட்ட இருந்த நகலுக்கு ஃபால்ஸைப் பிரிச்சு, இன்னிக்கு அதையே கட்டிட்டு வந்தாங்க. நான் கருநீலம் கேட்டப்போ சிரிச்சு அடக்கினதுக்கும் காரணம் அதான். நான் அரக்கு எடுத்தாதான் காரியம் நடக்கும். கட்டிக் காட்டினாங்க. மாத்தறேன்னு உள்ள போனாங்க. மாத்தவே இல்ல. கழட்டி வெச்சிருந்த பழசை மடிச்சு இவ கையில குடுத்துட்டு, புதுசோட வெளிய வந்தாங்க. பையில தேடறோம், குடோன்ல தேடறோம். உடம்புல யார் தேடுவா?"

"பேத்தல்! அப்படித் திருடறவ மஞ்சளை எதுக்குத் தொடணும்?"

"அதான் நீங்க யோசிக்காம விட்ட இடம். கட்டிக் காட்டினப்போ அது கடைப் புடவை. நீங்க மஞ்சள் வைக்கல. திரும்ப உள்ள போனப்போ அது உங்க புடவை ஆயிடுச்சு. புதுப்புடவையை மஞ்சள் வைக்காம உடுத்திப் பழக்கமில்லாத கை. கிண்ணம் எதிர்லயே இருக்கு. மனசு வேற கணக்குப் போட்டுட்டு இருக்கும்போது கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு. குடோனுக்குப் போன சுடர்க்கொடி புடவையை எடுத்திருந்தா இந்த மஞ்சளுக்கு வேலையே இல்ல."

"என் மேல கை வெச்சுப் பாரு, தெரியும்!"

"நான் வைக்க மாட்டேன். அத்தை, நீங்க கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. இடுப்புல சொருகின உள்முனை. மஞ்சள் இல்லைன்னா நான் இவங்க கால்ல விழறேன். கல்யாணத்தையும் நீங்களே நிறுத்திடுங்க."

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

சகுந்தலா எழுந்து, அக்காவின் முழங்கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப் போனாள். திரைக்குப் பின்னால் முதலில் சீறல், அப்புறம் கிசுகிசு, அப்புறம் ஒன்றுமில்லை.

வெளியே வந்த சகுந்தலாவின் முகம் வெளிறியிருந்தது. விரலை நீட்டினாள்.

"மஞ்சள் இன்னும் காயல. ப்ளவுஸ் துண்டும் வெட்டாம அப்படியே சொருகியிருக்கு."

சுடர்க்கொடி அந்த நகல் புடவையைத் திரைக்குள் நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் பங்கஜவல்லி வெள்ளை நூல் சரிகையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அழவில்லை.

"என் கல்யாணத்துக்கு நூல் புடவை. உன் கல்யாணத்துக்குப் பட்டு. இப்ப உனக்கு மருமகளா வர்றவளுக்கும் பட்டு. நான் கடைசிவரைக்கும் நகலையே சுத்திக்கணுமா?"

"கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு பிச்சை!" அவள் தமயந்தியின் பக்கம் விரலை ஆட்டினாள். "சகுந்தலா, இந்தப் பொண்ணு வேணாம்டி. இன்னிக்கு என்னைப் பிடிச்சா, நாளைக்கு உன்னைப் பிடிப்பா."

"நான் திருடினா என்னையும் பிடிக்கட்டும்," என்றாள் சகுந்தலா. "நீ போய் வேன்ல உட்காரு."

அவள் போனாள். படியிறங்கும்போது யாரும் கை கொடுக்கவில்லை.

ஏகாம்பரம் திரும்பக் கிடைத்த புடவையின் மஞ்சள் முனையைத் தடவிப் பார்த்தார். அவர் குரலில் வியாபாரம் திரும்பிவிட்டது. "சரிம்மா, சரக்கு கிடைச்சுது. கல்யாண வீடு. புகார் கிகார்னு ஒண்ணும் வேணாம், விட்டுடலாம். முனையை நான் பார்த்துக்கறேன். இதையே பேக் பண்ணட்டுமா?"

"புகார் உங்க இஷ்டம்," என்றாள் தமயந்தி. "அரக்கு எனக்கு வேணாம். காலையிலயே வேணாம்னு சொல்லியிருக்கணும். கருநீலம் எடுங்க."

சகுந்தலா மறுக்கவில்லை. அம்மாவின் விரலும் அசையவில்லை.

"சுடர்க்கொடி, அந்தக் கருநீல அடுக்கை இறக்கு," என்றார் ஏகாம்பரம்.

சுடர்க்கொடி மறுபடி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"இறக்கறேன் சார். தேடி முடிச்சாச்சு இல்ல? இப்ப நான் பேசணும்."

"அட, ஏதோ ஒரு பதட்டத்துல... மனசுல வெச்சுக்காத. தீபாவளிக்குப் பார்த்துச் செய்யறேன்."

"தீபாவளிக்கு ஒண்ணும் வேணாம். மன்னிப்பும் வேணாம். எல்லார் முன்னாலயும் எம் பையைக் கொட்டினீங்க. எல்லார் முன்னாலயும் எடுத்து வைங்க."

"பாப்பா..."

"என் பேரு சுடர்க்கொடி. வேலையை விட்டுப் போயிடுவேன்னு நினைக்காதீங்க. நான் ஒண்ணும் பண்ணல, நான் எதுக்குப் போகணும்? நீங்க எடுத்து வைக்கற வரைக்கும் ஒரு புடவை இறங்காது."

ஏகாம்பரம் ஆதரவு தேடித் தமயந்தியைப் பார்த்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். சகுந்தலாவைப் பார்த்தார். அவள் தன் மஞ்சள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர் விரிப்பில் மண்டியிட்டார். டிபன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார். சீப்பு. பஸ் பாஸ். பாதி கடலை மிட்டாய். செய்தித்தாள் பொட்டலத்தருகே கை போய் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"அதையும் சார்," என்றாள் சுடர்க்கொடி.