விருப்ப விளக்கு

சுகந்தியின் கழுத்துப் பட்டையில் விளக்கு பச்சையாக எரிந்தது. மூன்று நாட்களாக அப்படித்தான் எரிகிறது என்று பதிவு சொன்னது. தையல் மேசையிலேயே சாய்ந்து தூங்கிய நேரம் மட்டும் அணைந்திருந்தது.

விருப்பச் சட்டப்படி, மனமில்லாமல் வேலை செய்தால் பட்டையிலுள்ள உளமானி உணர்ந்துவிடும். விளக்கு சிவக்கும், வேலைக் கருவி நின்றுவிடும். பச்சை எரியும்வரை வேலை நேரத்துக்கு வரம்பில்லை. சட்டம் அரசு ஊழியருக்கும் பொது. ஆய்வாளர் யாழினியின் கழுத்திலும் பட்டை இருந்தது.

திருப்பூரின் அந்தத் தையற்கூடத்துக்கு அவளை வரவழைத்தது சுகந்தியின் கணவன் நவநீதன். ஐந்து மாதக் குழந்தையோடு வாசலில் நின்றான்.

"பாட்டில்ல குடிக்க மாட்டேங்குதுங்க மேடம். அவளை எப்படியாச்சும் வெளிய அனுப்புங்க."

"கதவு தெறந்துதானுங்க கெடக்குது," என்றார் மேலாளர் கனகராஜ். "நானே போகச் சொல்லிக் கெஞ்சிட்டேன். வேணும்னா நீங்க தூக்கிட்டுப் போங்க."

யாழினி மேலாளர் அறையில் உட்காருவதில்லை. தொழிலாளிக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கேட்டால்தான் உண்மை வரும். இன்றும் அப்படியே அமர்ந்தாள்.

"வீட்டுக்குப் போகலியா சுகந்தி?"

"இந்தக் கட்டு முடிஞ்சிரட்டுங்க மேடம்."

"குழந்தை வெளிய அழுவுதும்மா."

"கேக்குதுங்க."

ஊசி நிற்கவில்லை. அவள் ரவிக்கையின் முன்புறம் பாலில் நனைந்திருந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இருக்கைக்குள் ஏதோ மெல்ல அதிர்ந்தது. அதிர்வு முதுகெலும்பு வழியாக ஏறியது. யாழினிக்குப் புரிந்துவிட்டது. வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள், விருப்பத்தையே தயாரிக்க முடியும் என்று யோசிக்கவில்லை.

உடனே ஆய்வுக்கான மின்பலகையை எடுத்து, இருக்கைகளின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆணையை எழுதத் தொடங்கினாள். இரண்டு வரி எழுதினாள். மூன்றாவது வரியில் அலுப்பு வந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த வெள்ளைத் துணிகள் ஓரம் தைக்காமல் கிடந்தன. அது அவளை என்னவோ செய்தது.

பலகை அணைந்தது. அவளுடைய விளக்கு சிவந்திருந்தது.

"விருப்பமில்லாத பணி நிறுத்தப்பட்டது," என்றது பட்டை, கனிவான குரலில். "சட்டம் உங்களைப் பாதுகாக்கிறது."

எழுந்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. கதவு பதினைந்து அடி தூரம். வாசலில் குழந்தையின் குரல் கம்மத் தொடங்கியிருந்தது.

சுகந்தி திரும்பாமலே ஒரு துணியை நீட்டினாள். "ஓரத்தை இப்பிடி மடிச்சுக்கங்க மேடம்."

யாழினி வாங்கிக்கொண்டாள். விளக்கு பச்சையானது.