இரண்டு மதிப்பெண் வித்தியாசம்

திங்கள், காலை 6.40. பாகூர்க் கரும்புத் தோட்டக் கிணற்றில் அருள்மொழியின் உடல் மிதந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். கிணற்று மேட்டில் அவளுடைய போன் கிடந்தது. அதிலிருந்து 5.50க்கு அம்மாவுக்கு ஒரு செய்தி போயிருந்தது: 'நர்ஸிங் டெஸ்ட்ல ரெண்டு மார்க்ல ஃபெயில் ஆயிட்டேன். மன்னிச்சிடும்மா.'

அம்மா சகாயராணி அரியூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவள். கணவன் இல்லை. செய்தி வந்தபோது வார்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

8.15. அதற்குள் ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. பள்ளியில் தொழில் ஆர்வச் சோதனை வைத்த ஆசிரியர் கலைச்செல்வன்தான் பெண்ணைச் சாகடித்தவராம். மார்க் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், நம் ஜனங்களுக்கு வேறு விசாரணை வேண்டாம். இன்ஸ்பெக்டரும் அவரைக் கைது செய்யும் யோசனையில் இருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் இர்பானா மட்டும் மதியம்வரை அவகாசம் கேட்டாள். யார் ஜெயிலுக்குப் போகிறார்கள் என்பது சகாயராணிக்குப் பொருட்டில்லை. மகள் தானாக விழுந்தாளா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

9.30. சோதனை அறிக்கை வீட்டு பீரோவில் ஒட்டியிருந்தது. அலுவலகப் பணி 40, மருத்துவப் பணி 38. இரண்டையும் சேர்த்துப் பேனாவால் ஒரே வட்டம் போட்டிருந்தது.

10.10. கலைச்செல்வன் அறிக்கையின் பிரதியை எடுத்து விரித்தார். இது பரீட்சையே இல்லை, எதில் நாட்டம் என்று பார்ப்பது, இதில் பாஸும் கிடையாது ஃபெயிலும் கிடையாது என்றார். வெள்ளிக்கிழமை தாயையும் மகளையும் உட்காரவைத்து அதைத்தான் விளக்கியிருக்கிறார்.

"ரெண்டு மூணு வித்தியாசத்த வித்தியாசமாவே எடுத்துக்கக் கூடாது மேடம். நாளைக்கே திரும்ப எழுதினா மாறிப்பூடும். ரெண்டும் சமம்னு சொன்னேன். அவளே வட்டம் போட்டுட்டு, அப்ப நர்ஸிங்குக்கே அப்ளை பண்றேன் சார்னா."

சகாயராணியும் அதையேதான் சொன்னாள். தாளை வேறு யார் பார்த்தது என்று இர்பானா கேட்டாள். சகாயராணி தன் அண்ணன் சார்லஸுக்கு மட்டும் போட்டோ அனுப்பினாளாம். பெருமையில் அனுப்பியது, விளக்கமாக ஒரு வரிகூட எழுதவில்லை.

11.45. சார்லஸ் நேற்றிலிருந்து தொலைவில், மண்ணாடிப்பட்டில் இருந்ததாகச் சொன்னான்.

"பொண்ணுக்குப் போன் வாங்கிக் குடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"லாக் தெரியுமா?"

"தெரியும்."

"இந்தத் தாள்ல பாஸ் மார்க் எவ்ளோ?"

"நாப்பது."

இர்பானா தாளை மேசைமேல் வைத்தாள்.

"இதுல பாஸ் மார்க்கே இல்ல. அது அவளுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும். அவ ஃபெயில்னு எழுதியிருக்க மாட்டா. நம்பர மட்டும் பாத்துட்டு அர்த்தம் கேக்காத ஆளு நீ ஒருத்தன்தான். உன் போன் காலையில அஞ்சே முக்காலுக்கு பாகூர் டவர்லதான் இருந்திருக்கு."

சார்லஸ் அதற்குமேல் மறுக்கவில்லை. கூட்டாளி ஒருவனுக்கு அருள்மொழியைக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவளோ இன்றைக்கு நர்ஸிங்குக்கு விண்ணப்பம் போடுவதாக இருந்தாள். விடியலில் தண்ணீர் எடுக்க வந்தவளிடம் பேச்சு முற்றித் தள்ளிவிட்டான். அவளுக்கு நீச்சல் தெரியாது. மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு அவள் போனை எடுத்து அந்தச் செய்தியை அடித்திருக்கிறான்.

1.20. பிணவறை வாசலில் இர்பானா எல்லாவற்றையும் சொன்னாள். சகாயராணி அண்ணனைத் திட்டவில்லை. மகள் தானாக விழவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அந்த நிம்மதி அவள் முகத்தில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"அப்ப உள்ள விழுந்ததும் அம்மான்னு கத்தியிருப்பாளே," என்றாள்.